மணி அடித்த பிறகும் பேசிய டாக்டர்

சிங்கப்பூர் மலேசியாவோடு சேருவதா வேண்டாமா என்று கடைத்தெருவெல்லாம் ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. நான் ஜாலான் புசாரில் ஒரு சீனர் இரும்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி, போல்ட், சங்கிலி என்று எடுத்துக் கொடுப்பதும் லாரியில் ஏற்றுவதும் என் வேலை. குடியிருந்தது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில், பலகை அடித்துத் தடுத்த ஓர் அறை. தமிழ்ப் பள்ளியில் நாலாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சரியான பயந்தாங்கொள்ளி. மழை வந்தால் கூரை ஒழுகுமே என்று பயம். ஒழுகாவிட்டால் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ என்று பயம். என் மனைவி இதற்காகவே என்னோடு சண்டை போடுவாள்.

அப்படி எதற்கெடுத்தாலும் பயந்தவன், துருப்பிடித்த ஆணி ஒன்று காலில் ஏறியபோது மட்டும் பயப்படவில்லை. இரும்புக் கடையில் இதெல்லாம் சகஜம் என்று மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். கொஞ்ச நாளில் தாடை இறுகிவிட்டது. வாயைத் திறக்க முடியவில்லை. முதுகு வில்லாக வளைந்தது. ஆஸ்பத்திரியில் இரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார்கள். வெளிச்சம் பட்டால் உடம்பு வெட்டி இழுக்கும், கதவு சாத்துகிற சத்தம் கேட்டாலும் இழுக்கும். அதனால் இருட்டறையில் போட்டு, கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்து, தூக்க மருந்து கொடுத்தபடியே இருந்தார்கள். அதில் ஒருநாள் பிற்பகல் என் மூச்சு நின்றே போய்விட்டதாம். என்னைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் டாக்டர்தான் கையால் காற்றை அடித்து அடித்து உயிரைத் திருப்பினாராம். இதை ஒரு நர்ஸ் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த டாக்டர் நம்மவர்தான். இங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், ஆனால் யோசித்து யோசித்துப் பேசுவார். நான் பிழைத்து வீடு திரும்பிய நாளில் கோயிலில் அர்ச்சனை செய்து, தேங்காய் பழத்தோடு நேராக அவரிடம் போனேன். நீங்கதான் என் தெய்வம் என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரிய மனசு உள்ளவர்கள் புகழ்ச்சியைத் தாங்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவரே கடைக்கு வந்து நின்றார். வியாதி மறுபடி வந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். விஷயம் வேறு. டாக்டர்கள் எல்லாரும் கூடும் மாநாடு வருகிறதாம். அதில் இளம் டாக்டர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறி, தாங்கள் பார்த்த வைத்தியத்தைப் பற்றிப் பேசுவார்களாம். பெரிய டாக்டர்கள் மூன்று பேர் கேட்டு மார்க் போடுவார்களாம். யார் பேச்சு சிறந்ததோ அவரை லண்டனுக்கு அனுப்புவார்களாம். அங்கேயே தங்கி மேல்படிப்பும் படிக்கலாமாம். நோயாளியையே மேடைக்கு அழைத்துக் காட்டுவது அந்தக் காலத்து வழக்கம்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் அண்ணே. வாயத் தொறந்து மூடணும், கொஞ்சம் நடந்து காட்டணும். அவ்ளோதான்" என்றார்.

கடை முதலாளியான சீன தவுக்கேயிடம் லீவு கேட்டபோது, டாக்டர்கள் கூட்டத்தில் உயிரோடு இருக்கிற நோயாளியைத்தான் காட்டுவார்கள், நீ போய்வா என்று மலாயில் கிண்டல் செய்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் வைத்துக் கழுத்தை மறுபடி திறந்து பார்ப்பார்களோ? நான் நடக்கும்போது கால் தடுக்கினால் டாக்டருக்கு மார்க் குறையுமோ? அன்றிலிருந்து அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்து பழகினேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளும் காளியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேண்டுதல்: என்னைப் பிழைக்க வைத்தவர் லண்டன் போகவேண்டும்.

மாநாட்டு நாளில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். என்னைக் கவனித்துக்கொள்ள ஆஸ்பத்திரி அட்டெண்டர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். நான் படுத்திருந்த வார்டில் வேலை பார்த்தவர். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். ஓயாமல் பேசுவார்.

"ஏம்ப்பா, கறிக்கடைக்கு வந்த ஆடு மாதிரி முழிக்கிறே? ஒன்னப் பத்திப் பேசத்தான் போறாங்க, கூறு போடப் போறதில்ல" என்றார்.

பெரிய கூடம். மேலே மின்விசிறிகள் சுற்றின. என்னையும் நானாவையும் மேடைக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்தார்கள். மார்க் போடும் மூவரும் எதிரே இருந்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரர், ஒருவர் இந்தியர், நடுவில் வயதான சீன லேடி டாக்டர். மூவர் நாற்காலியையும் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஒருத்தர் போடும் மார்க் அடுத்தவர் கண்ணில் படக்கூடாதாம். சாப்பாட்டு வேளையிலும் பேச்சாளர்களைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாதாம். லேடி டாக்டர்தான் அவர்களுக்குத் தலைவர், அந்தம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்றார் நானா. அந்த அம்மாள் பக்கத்தில் ஒரு குமாஸ்தா கடிகாரமும் மணியும் வைத்துக்கொண்டிருந்தார். நேரம் முடியப்போகும்போது ஒரு அடி. முடிந்ததும் இரண்டு அடி. அதோடு பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

எங்களுக்கு முன்னால் பேசிய ஒருவரை என்னால் மறக்க முடியாது. ஒல்லியான ஆள், திக்கித் திக்கிப் பேசினார். அவருக்கு இரண்டு அடி விழுந்தபோது கையில் கடைசித் தாள் அப்படியே இருந்தது. தாளைத் தூக்கிக் காட்டி, இது ஒன்றுதான் என்பதுபோல் கெஞ்சினார். அந்த அம்மாள் தலையை அசைத்து, உட்காரச் சொல்லிவிட்டார். அவர் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இறங்கிப் போனார். ஐயோ பாவம் என்றிருந்தது. கூடவே, அடுத்து நம் டாக்டர், அவருக்கு இப்படி ஆகிவிடக் கூடாதே என்று பயம்.

நம் டாக்டர் நன்றாகவே ஆரம்பித்தார். கூப்பிட்டதும் எழுந்து போனேன். வாயைத் திறந்தேன், மூடினேன். கழுத்துத் தழும்பைக் காட்டினேன். தடுக்காமல் நடந்தேன். கூடத்தில் சிலர் கைதட்டினார்கள். மேடையிலேயே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் வாழ்க்கையில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

ஆங்கிலம் எனக்கு அரைகுறை. இஞ்ச், ஸ்டாக், டெலிவரி, இப்படிக் கடையில் புழங்குகிற சொற்கள்தான். அதனால் அவர் பேசியது காதில் ஓடிக்கொண்டிருந்ததே தவிர, புரியவில்லை. திடீரென்று ஒரு சொல் பிடிபட்டது. மிஸ்டேக். எங்கள் தவுக்கே காலையிலிருந்து மாலை வரை என்னைப் பார்த்துச் சொல்கிற சொல். டாக்டர் அதை மறுபடி சொன்னார், 'மை மிஸ்டேக்' என்று. சொல்லும்போது கையைத் தன் நெஞ்சில் வைத்தார். அதுவரை இருமிக்கொண்டும் விசிறிக்கொண்டும் இருந்த கூடம் அசையாமல் போனது. நான் நானாவைப் பார்த்தேன். ஓயாமல் பேசுகிற மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி ஒரு அடி அடித்தது. அப்போது அந்தச் சீன லேடி டாக்டர் கையை உயர்த்தினார். குமாஸ்தாவிடம் ஏதோ சொல்லிவிட்டு, டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். சந்தையில் எல்லாரும் பேசுகிற சாதாரண மலாயில், நிறுத்தி நிதானமாகக் கேட்டார். உன் மூச்சு நின்றது வியாதியால் இல்லை, தூக்க மருந்து அதிகமானதால். அதைக் கொடுக்கச் சொன்னவர் இவர்தான். இவரே இங்கே அப்படிச் சொல்கிறார். இன்றைக்கு முன்னால் இதை உன்னிடம் சொல்லியிருக்கிறாரா?

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. கூரை, மழை, கால் தடுக்கல் என்று எதையெல்லாமோ நினைத்துப் பயந்த என் புத்திக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. நான் தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்ட கை, என் மூச்சை நிறுத்திய கையா? கழுத்துத் தழும்பு திடீரென்று அடுத்தவன் உடம்பில் இருப்பதுபோல இருந்தது. கோபமா என்று கேட்டால் தெரியாது. உடம்பெல்லாம் சில்லிட்டது, அவ்வளவுதான் ஞாபகம்.

ஆனால் அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருந்தார். இல்லை என்றால் என்ன ஆகும்? லண்டன் போச்சு. வேலையும் போகுமோ, போலீஸ்வரை போகுமோ, என் பயம் வழக்கம்போல ஓட ஆரம்பித்துவிட்டது. என் வாய் தானாகத் திறந்தது.

"சுடா" என்றேன். சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை இப்போதும் வரைந்து காட்டுவேன், எனக்கு வரையத் தெரிந்தால். அவர் அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில், இல்லை, நான் சொல்லவில்லை என்றார். அதற்கு மட்டும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை. பிறகு கூடத்துக்கு முதுகைக் காட்டி, என் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றார்.

"அண்ணே, எனக்காகப் பொய் சொல்லாதீங்க" என்று தமிழில் ஆரம்பித்தார். "அன்னிக்கு உங்களுக்கு உடம்பு ரொம்ப இழுத்துச்சு. நான் ஊசி போடச் சொன்னேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான், டூட்டி முடிஞ்சு போன டாக்டர் சொல்லி அதே ஊசி போட்டிருந்தாங்க. போட்டாச்சான்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும். கேக்கல."

மணி இரண்டு அடி அடித்தது. அவர் திரும்பவில்லை.

"நீங்க சாமி கும்பிடுற மாதிரி என்னைக் கும்பிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அது என் தப்பு. இத மொதல்ல உங்ககிட்ட சொல்லியிருக்கணும், அப்புறந்தான் இவங்ககிட்ட."

குமாஸ்தா மறுபடி இரண்டு அடி அடித்தார். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்தின் பக்கம் திரும்பி, மீதிப் பேச்சைத் தொடர வாயெடுத்தார். பேச்சின் முடிவு இன்னும் பாக்கி. அந்த அம்மாள் முன்னால் அந்த ஒல்லி ஆளுக்கு அசைத்த அதே மாதிரி தலையை அசைத்தார். டாக்டர் வணங்கிவிட்டு இறங்கினார். என்னைக் கைத்தாங்கலாக நானா இறக்கிவிட்டார். இரண்டு கால் இருந்தும் நடை மறந்துவிட்டது எனக்கு.

வெளியே வராந்தாவில் தேநீர் கொடுத்தார்கள். நானா கோப்பையை நீட்டினார், நான் வாங்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமா நானா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பெரிய எடத்து சமாச்சாரம். நான் வாயத் தொறந்தா என் சோத்துல மண்ணு. ஆனா ஒண்ணு, ஒனக்கு மூச்சு நின்னப்போ காத்தடிச்ச அந்த ரப்பர் பைய அமுக்கினதுல நானும் ஒருத்தன்" என்றார். சைக்கிள் ட்யூபுக்குக் காற்றடிக்கிற மாதிரி கையால் செய்து காட்டினார். "டாக்டர் கை மரத்துப் போச்சு, மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். தரமாட்டேன்னுட்டாரு. நர்ஸு சத்தம் போட்ட பொறவுதான் என் கையில குடுத்தாரு. கொஞ்ச நேரந்தான். மறுபடி புடுங்கிக்கிட்டாரு."

அதிர்ச்சிக்கு மேல் அதிர்ச்சி என்பார்களே, அதை அன்றுதான் பார்த்தேன். மூன்றாவது அதிர்ச்சி முடிவு அறிவித்தபோது வந்தது. லண்டன் வாய்ப்பு நம் டாக்டருக்கு இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொக்கிப் புழுவால் வரும் ரத்தசோகையைப் பற்றிப் பேசிய ஒரு சீன டாக்டருக்கு. கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நம் டாக்டர் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார்.

என்னால்தான் போச்சு என்று நினைத்தேன். பொய் சொன்னேனே, அந்தப் பழியை இவர் தலையில் இறக்கிவிட்டார்கள். ஜென்மத்தில் யாரையும் எதிர்த்துக் கேட்காத நான், நானா சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, காருக்குப் போய்க்கொண்டிருந்த அந்த லேடி டாக்டரின் முன்னால் போய் நின்றேன். மலாயில் கேட்டேன்: பொய் சொன்னது நான், அதற்கு அவரை ஏன் தண்டித்தீர்கள்?

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உன் பொய்யை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை என்றார். என் கேள்வியாலும் உன் பதிலாலும் போன நேரத்தையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை, கடிகாரத்தை நிறுத்தித்தான் வைத்திருந்தேன் என்றார். அதற்குப் பிறகுதான் அவர் நேரத்தைத் தாண்டினார். பேச்சின் முடிவைச் சொல்லவில்லை. சொல்லாத பேச்சுக்கு எப்படி மார்க் போடுவது? இவருக்கு முன்னால் ஒருவர் கடைசித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாரே, பார்த்தாயா? அவரை உட்காரவைத்த அதே மணிதான் இவருக்கும்.

நான் விடவில்லை. அவர் செய்தது நல்ல காரியம் இல்லையா என்றேன்.

"ரொம்ப நல்ல காரியம்" என்றார், அதே மலாயில். "நான் டாக்டரா இருந்த இத்தனை வருஷத்துல யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. ஆனா எனக்குப் பிடிச்சதுக்கு மார்க் போடச் சொல்லி என்னை அங்க உக்கார வைக்கல."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். கார் கதவைத் திறந்தவர் திரும்பி, இனி எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்தாலும், முன்னால் போட்டாச்சா என்று நீயே கேள், கூச்சப்படாதே என்றார். ஏறிப் போய்விட்டார்.

டாக்டர் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோபப்படலாம், அழலாம், கும்பிடலாம், எதுவும் செய்ய வரவில்லை. கடைசியில் என் வாயில் வந்தது இதுதான்:

"கை வலிச்சுதா டாக்டர்?"

அவர் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். இனிமே கும்பிடாதீங்க அண்ணே என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வாங்க, சாப்பிடலாம் என்றேன். வருகிறேன் என்றார்.

பஸ்ஸில் வரும்போது மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். சொன்னதும் அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். அன்று முழுக்க டாக்டரை வாயாரத் திட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நிஜமாகவே மாடி ஏறி வந்தபோது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேதான் மீன்குழம்பு ஊற்றினாள். இரண்டாம் தடவை அவர் கேட்காமலே ஊற்றினாள்.

இப்போதும் நான் பயந்தாங்கொள்ளிதான். ஊசி போட வருகிறவர்களிடம், முன்னால் போட்டாச்சா என்று கேட்டுக்கேட்டு அவர்களை அலுக்க வைக்கிறேன். காலையில் சவரம் செய்யும்போது கழுத்துத் தழும்பில் கத்தி லேசாகத் தட்டும். என் மூச்சை நிறுத்திய கையும் அதை விடாமல் திருப்பிய கையும் ஒன்றுதானே என்று ஒரு கணம் கத்தி நின்றுவிடும். அந்த இரண்டில் எதற்கு எவ்வளவு மார்க் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.